பவுல் சீசன் பெருமை யாருக்கு? எஸ்இசி, பிக் டென் பஞ்சாயத்து

ப்ளூமிங்டன்_அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மகள் இண்டியானா பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அமெரிக்கன் ஃபுட்பால் பக்கம் தலைவைத்தும் படுக்காத வீடு எங்களுடையது. 2026 ஜனவரி 19 ராத்திரி தேசிய இறுதி ஆட்டத்தில் மயாமியை 27-21 என்று இண்டியானா ஜெயித்ததும் எங்களுக்கும் கொஞ்சம் பைத்தியம் பிடித்துவிட்டது. அது சரி, சொந்தக் காலேஜ்.

எனக்குப் புரியாதது வேறு. என் அலுவலகத்தில் ஒஹையோ ஸ்டேட்டில் படித்த ஒருவர் இருக்கிறார். "பிக் டென் தொடர்ந்து மூன்றாவது வருஷம்!" என்று எல்லோருக்கும் டோனட் கொடுக்கிறார். அவர் டீமை டிசம்பரில் 13-10 என்று தோற்கடித்ததே இண்டியானாதான். தோற்றவருக்கு இதில் என்ன கொண்டாட்டம்? பிக் டென் என்பது இரண்டு காலேஜும் இருக்கிற கான்ஃபரன்ஸ், சரி. கான்ஃபரன்ஸ் என்பது ஆட்ட அட்டவணை போடுகிற ஒரு சங்கம்தானே? யாராவது பொறுமையாகச் சொல்லுங்கள்.

---

ஹண்ட்ஸ்வில்_வாசு எழுதியது:

அக்கா, வாழ்த்துகள். மனசில்லாமல்தான் சொல்கிறேன், நான் அலபாமா.

இந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்தது எங்கள் தெற்குதான். 2006 முதல் 2012 வரை ஏழு சீசன், ஏழு தேசிய பட்டமும் எங்கள் தெற்கத்திக் கான்ஃபரன்ஸான எஸ்இசிக்கு. ஃப்ளோரிடா, எல்எஸ்யு, மறுபடி ஃப்ளோரிடா, அலபாமா, ஆபர்ன், அப்புறம் இரண்டு தடவை அலபாமா. 2011 சீசனில் இறுதி ஆட்டமே எங்களுக்குள்தான்: அலபாமா 21, எல்எஸ்யு 0. நாட்டில் பாதிப் பேர் டிவியை அணைத்துவிட்டார்கள், அது தனிக் கதை. ஆட்டம் முடியும் நேரத்தில் சொந்தக் காலேஜ் பெயரை விட்டுவிட்டு "எஸ்-இ-சி! எஸ்-இ-சி!" என்று கோஷம் போடுவது அந்தக் காலத்தில்தான் ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்தது.

ஆபர்ன்காரனும் அலபாமாக்காரனும் வருஷம் முழுக்க முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். ஆனால் பங்காளிச் சண்டை வீட்டுக்குள்ளே. வெளியாள் வந்து நின்றால் இரண்டு பேரும் ஒரே திண்ணையில். அவ்வளவுதான் விஷயம். என்னைத் தோற்கடித்தவன் வெளியூரில் போய் எல்லோரையும் அடித்தால், நான் மோசமான ஆள் இல்லை என்று அர்த்தம் ஆகிறதல்லவா?

---

கொலம்பஸ்காரன் எழுதியது:

அந்த டோனட் கொடுத்தவர் மனசு எனக்குத் தெரியும். அதில் 2007லிருந்து வட்டி ஏறியிருக்கிறது.

2007 ஜனவரி, அரிசோனா க்ளெண்டேல். நாங்கள் தோல்வியே இல்லாமல் முதல் இடம். எதிரே ஃப்ளோரிடா. மிச்சிகனுக்குத்தான் அந்த இடம் கிடைத்திருக்க வேண்டும் என்று அதற்கு முன் ஒரு மாதம் தகராறு. முதல் கிக்ஆஃபையே டெட் கின் ஜூனியர் பிடித்து 93 யார்டு ஓடி டச்டவுன். நாங்கள் நாற்காலி மேல் ஏறி நின்றோம். எண்ட் ஸோனில் நம் பையன்களே சந்தோஷத்தில் கின் மேல் விழுந்து கட்டிப் புரண்டார்கள்; கால் போயிற்று. கொண்டாட்டத்தில் அடிபட்டு எங்கள் மின்னல் வெளியே போனார். அதற்கப்புறம் நடந்ததைச் சொல்லவும் வேண்டுமா? 41-14. அடுத்த வருஷமே எல்எஸ்யுவிடம் 38-24. வடக்கே இருக்கிறவன் மெதுவாக ஓடுவான், தெற்கத்திப் பையன் வேகம் என்று ஒரு பேச்சு கிளம்பியது பாருங்கள், பத்து வருஷத்துக்கு மேல் காதில் ரத்தம் வந்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 2023 மிச்சிகன், 2024 ஒஹையோ ஸ்டேட், 2025 இண்டியானா. மூன்றும் பிக் டென், மூன்றும் வேறு வேறு காலேஜ். இதைவிட இனிப்பு: இந்த மூன்று இறுதி ஆட்டத்திலும் ஒரு எஸ்இசி டீம்கூட இல்லை. எதிரே நின்றவர்கள் வாஷிங்டன், நோட்ர டேம், மயாமி.

பின்குறிப்பு: மிச்சிகன் ஜெயித்த ராத்திரி நான் கொண்டாடவில்லை. சீக்கிரம் படுத்துவிட்டேன். கான்ஃபரன்ஸ் பாசத்துக்கும் ஒரு எல்லை உண்டு.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

மூன்று பட்டம், ஏழு பட்டம் என்றாலும் ஒவ்வொன்றும் ஒரே ஒரு டீமின் சாதனை. கான்ஃபரன்ஸை எடை போடுவதென்றால் வெளியாளோடு மோதிய ஆட்டங்களை மட்டும் எடுக்க வேண்டும். நடந்து முடிந்த 2025 பிளேஆஃப்பை (தேர்வான 12 டீம் தேசிய பட்டத்துக்கு ஆடும் நாக்அவுட்) அப்படிப் பிரித்துப் பார்த்தேன்.

12 இடத்தில் 5 எஸ்இசிக்கு: ஜார்ஜியா, டெக்சஸ் ஏ அண்ட் எம், ஓல் மிஸ், ஓக்லஹோமா, அலபாமா. பிக் டென்னுக்கு 3: இண்டியானா, ஒஹையோ ஸ்டேட், ஆரிகன். மீதி நாலு மயாமி, டெக்சஸ் டெக், டூலேன், ஜேம்ஸ் மேடிசன்.

எஸ்இசிக்கு மொத்தம் மூன்று வெற்றி. அதில் அலபாமா ஓக்லஹோமாவை அடித்தது (34-24), ஓல் மிஸ் ஜார்ஜியாவை அடித்தது (39-34). இரண்டும் உள்ளூர்க் கணக்கு, இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு. வெளியாளை ஜெயித்தது ஒரே ஒரு தடவை, ஓல் மிஸ் டூலேனை 41-10. வெளியாளிடம் தோற்றது மூன்று தடவை: ஏ அண்ட் எம் மயாமியிடம் 10-3, அலபாமா இண்டியானாவிடம் 38-3, ஓல் மிஸ் மயாமியிடம் 31-27.

பிக் டென் வெளியாளோடு மோதியது ஐந்து தடவை, ஜெயித்தது நாலு. தோல்வி ஒன்றுதான், ஒஹையோ ஸ்டேட் மயாமியிடம் 24-14. (கொலம்பஸ்காரரே, இதை ஏன் விட்டுவிட்டீர்கள்?)

ஐந்து பேரை அனுப்பி டூலேனை மட்டும் ஜெயித்துவிட்டு வந்திருக்கிறார்கள். வாசு பதில் சொல்லட்டும்.

---

ஹண்ட்ஸ்வில்_வாசு எழுதியது:

சொல்கிறேன். 38-3 ஆட்டத்தைப் பற்றி வாயைத் திறக்க மாட்டேன், ரோஸ் பவுலில் அன்று எங்களுக்கு நடந்தது நடந்ததுதான். (அக்கா, பவுல் என்றால் சீசன் முடிவில் நடக்கும் சிறப்பு ஆட்டம். சில பவுல் பிளேஆஃப்புக்குள் வரும், மற்றவை வெளியே.)

ஆனால் நாலு ஆட்டத்தை வைத்து ஒரு கான்ஃபரன்ஸையே எடை போடுவது என்ன நியாயம்? பிளேஆஃப் என்பது உச்சியில் இருக்கிறவர்களின் சண்டை. பெருமை நடுவரிசையில் இருக்கிறது. சிட்ரஸ் பவுலில் டெக்சஸ் மிச்சிகனை 41-27 அடித்தது. பிளேஆஃப் வாசலைத் தொடாத டீம் அது. எங்கள் ஊரில் வாரா வாரம் அப்படி ஒருவனோடு மோத வேண்டும். நவம்பர் முடியும்போது பாதிப் பையன்கள் நொண்டிக்கொண்டுதான் வருவார்கள்.

---

கொலம்பஸ்காரன் எழுதியது:

வாரா வாரமா? 2024 நவம்பரில் அலபாமா யாரோடு ஆடியது? மெர்சர். 52-7. 2025 நவம்பரில்? ஈஸ்டர்ன் இல்லினாய். 56-0. இரண்டும் கீழ் பிரிவுக் காலேஜ். எல்லோரும் நொண்டுகிற மாதத்தில் உங்களுக்கு ஒரு வாரம் ஓய்வு. நாங்கள் கான்ஃபரன்ஸுக்குள் 9 ஆட்டம் ஆடுகிறோம், நீங்கள் 2025 வரை 8. அந்த ஒரு ஆட்டத்தின் வித்தியாசம் தெரியுமா? 16 டீம் ஆளுக்கு ஒரு ஆட்டம் கூட ஆடினால் யாராவது 8 பேருக்குக் கூடுதலாக ஒரு தோல்வி. அந்த 8 தோல்வி இல்லாமல்தான் உங்கள் நடுவரிசை டிசம்பரில் மினுக்கிக்கொண்டு வந்தது.

அப்புறம், சிட்ரஸ் பவுல் பற்றிப் பேசினால் ரிலையாக்வெஸ்ட் பவுலையும் பேசுங்கள். ஐயோவா 34, வாண்டர்பில்ட் 27.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை. பவுல் ஆட்டத்தை வைத்துக் கான்ஃபரன்ஸை எடை போடுவதில் பெரிய ஓட்டை இருக்கிறது, அதைச் சொல்லாமல் ஸ்கோர் மட்டும் எறிந்துகொண்டிருக்கிறீர்கள்.

பவுல்களுக்குக் கான்ஃபரன்ஸுகளோடு ஒப்பந்தம். சிட்ரஸுக்கு எஸ்இசியில் ஒருவர், பிக் டென்னில் ஒருவர் என்று. ஆனால் மேலே இருக்கிற டீம்கள் பிளேஆஃப்புக்குப் போய்விட்டால் கீழே இருக்கிறவர்கள் ஒரு படி மேலே தள்ளப்படுகிறார்கள். ஐந்து பேரை பிளேஆஃப்புக்கு அனுப்பிய கான்ஃபரன்ஸின் ஆறாவது டீம், மூன்று பேரை அனுப்பிய கான்ஃபரன்ஸின் நாலாவது டீமோடு மோதும். ஜெயித்தால் பெரிய பெருமை, தோற்றால் "எங்கள் ஆறாவதுதானே" என்று தப்பிக்கலாம். எப்படிப் போனாலும் பேச ஒரு வாய் இருக்கும்.

ஆடுகிறவர்கள் யார் என்பது இன்னொன்று. 2016 ஜனவரி 1 ஃபியஸ்டா பவுலில் நோட்ர டேமின் ஜெய்லன் ஸ்மித்துக்கு முழங்கால் சிதைந்தது. தொழில்முறை லீகான என்எஃப்எல் ஆள் எடுக்கும் டிராஃப்டில் உச்சியில் போக வேண்டிய ஆள் இரண்டாவது சுற்றுக்கு இறங்கினார். அந்த வருஷ டிசம்பரிலேயே நட்சத்திர ஆட்டக்காரர்கள் லெனர்ட் ஃபோர்னெட்டும் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியும் பவுல் ஆட மாட்டோம் என்று விலகிவிட்டார்கள். முதலில் திட்டினார்கள், இப்போது அதுதான் வழக்கம். அதோடு ஆட்டக்காரர்கள் காலேஜ் மாறுகிற டிரான்ஸ்ஃபர் போர்ட்டலும், பயிற்சியாளர்கள் வேலை மாறுவதும். அந்த சிட்ரஸ் பவுலுக்கு மிச்சிகன் வந்ததே தற்காலிகப் பயிற்சியாளரோடு. அதில் ஜெயித்ததை வைத்து "நடுவரிசை ஆழம்" என்கிறார் வாசு. போன வருஷம் மிச்சிகன் அலபாமாவை 19-13 ஜெயித்தபோது இதே வாசு "எங்கள் ஆட்களுக்கு ஆர்வமே இல்லை" என்றார். இழை இன்னும் இருக்கிறது, தேடினால் கிடைக்கும்.

---

டல்லஸ்_தேவா எழுதியது:

"ஆர்வமே இல்லை"! இந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன்.

2007 ஃபியஸ்டா பவுல், பாய்சி ஸ்டேட் ஓக்லஹோமாவை 43-42 ஜெயித்தது. ஓவர்டைம், கடைசி இரண்டு பாயிண்ட்டுக்குப் பந்தை முதுகுக்குப் பின்னால் கொடுத்து ஏமாற்றிய ஆட்டம். பெரிய வீட்டுக்காரர்கள் "ஒரு தடவை அதிர்ஷ்டம்" என்றார்கள். 2009 சுகர் பவுலில் யூட்டா அலபாமாவை 31-17 அடித்தது, 13-0 (13 வெற்றி, தோல்வி இல்லை) என்று சீசனை முடித்தது. "அலபாமாவுக்கு ஆர்வம் இல்லை." 2011 ரோஸ் பவுலில் நம்ம டிசியு (டெக்சஸ் கிறிஸ்டியன்) விஸ்கான்சினை 21-19 ஜெயித்தது. "ஒரு ஆட்டம்தானே." அந்த நாட்களில் பவுல்களில் சிறந்த வெற்றி விகிதம் உள்ள கான்ஃபரன்ஸுக்கு இஎஸ்பிஎன் ஒரு கோப்பையே வைத்திருந்தது. அதை மவுன்டன் வெஸ்ட் என்ற சின்ன கான்ஃபரன்ஸ் பல தடவை தூக்கியது. யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

சின்ன கான்ஃபரன்ஸ் ஜெயித்தால் எதிரிக்கு ஆர்வம் இல்லை. தோற்றால் "பார்த்தீர்களா, இவர்களை ஏன் உள்ளே விட்டீர்கள்?" 2022இல் அதே டிசியு பிக் 12 கான்ஃபரன்ஸிலிருந்து போய் மிச்சிகனை அரையிறுதியில் 51-45 ஜெயித்தது. அடுத்த ஆட்டத்தில் ஜார்ஜியா 65-7. இன்றைக்கு ஊரில் கேட்டுப் பாருங்கள், 65-7 எல்லோருக்கும் மனப்பாடம். 51-45 எனக்கும் என் மச்சானுக்கும்தான்.

---

டலஹாஸி_பழசு எழுதியது:

தேவா சொல்வது சரி. ஆனால் பாடு படுவது சின்ன கான்ஃபரன்ஸ் மட்டுமில்லை.

2023, ஃப்ளோரிடா ஸ்டேட். 13-0. ஏசிசி கான்ஃபரன்ஸ் சாம்பியன். நவம்பரில் க்வார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் கால் உடைந்தது. அவர் இல்லாமலும் மிச்ச ஆட்டங்களை ஜெயித்தோம். அந்த வருஷம் பிளேஆஃப்புக்கு நாலு டீம்தான்; தேர்வுக்குழு நாலாவது இடத்தை ஒரு தோல்வியுள்ள அலபாமாவுக்குக் கொடுத்தது. பெரிய கான்ஃபரன்ஸ் சாம்பியன் ஒருவன் தோல்வியே இல்லாமல் வந்தும் நாலு டீம் பிளேஆஃப்பில் வெளியே நிறுத்தப்பட்டது அதுதான் முதல் தடவை. பையன்கள் வெறுத்துப் போனார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் ஆரஞ்ச் பவுலுக்கு வரவில்லை. ஜார்ஜியா 63-3. இப்போது அந்த 63-3ஐ வைத்தே "குழு செய்தது சரிதான்" என்கிறார்கள். என் ஆத்திரம் உங்களுக்குப் புரிகிறதா?

பெருமை என்பது ஆட்டத்துக்கு அப்புறம் வரும் பரிசு என்று நினைக்காதீர்கள். அது ஆட்டத்துக்கு முன்னாடியே கொடுக்கப்படும் மார்க். எந்தக் கான்ஃபரன்ஸ் பலமானது என்று ஆகஸ்டிலேயே ஒரு எண்ணம் இருக்கிறது. அந்தக் கான்ஃபரன்ஸில் தோற்றால் "நல்ல தோல்வி". நல்ல தோல்வியை வைத்து இடம். இடம் கிடைத்தால் ஜெயிக்க வாய்ப்பு. ஜெயித்தால் மறுபடி ஆகஸ்டில் மார்க். உள்ளே இருக்கிறவனுக்கு இது சுற்றிக்கொண்டே இருக்கும்.

---

ஹண்ட்ஸ்வில்_வாசு எழுதியது:

அண்ணே, உங்கள் கோபம் நியாயம். அன்று நானே கூச்சப்பட்டேன். (ரோஸ் பவுலில் மிச்சிகனிடம் ஓவர்டைமில் 27-20 தோற்றதும் கூச்சம் போய்விட்டது.)

ஆனால் குழு எப்போதும் எங்கள் பக்கம் என்பது இல்லை. 2024இல் 9-3 அலபாமாவை விட்டுவிட்டு 11-2 எஸ்எம்யுவை எடுத்தார்கள். எஸ்எம்யு பென் ஸ்டேட்டிடம் 38-10. நாங்கள் ஒரு மாதம் அதையே பேசினோம். 2025இல் ஏசிசி சாம்பியன் ஆன ட்யூக்குக்கு ஐந்து தோல்வி, அதனால் வெளியே. ஜேம்ஸ் மேடிசன் உள்ளே.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

வாசு, ஜார்ஜியாவிடம் கான்ஃபரன்ஸ் இறுதியில் 28-7 தோற்றும், மூன்று தோல்வியோடு அலபாமா உள்ளே போன வருஷமும் அதே 2025தான்.

அந்த வருஷத்தில் பேச வேண்டியது மயாமி. 10-2 நோட்ர டேமா 10-2 மயாமியா என்று வந்தது. சீசன் முதல் ஆட்டத்தில் மயாமி 27-24 ஜெயித்திருந்தது. கடைசி நிமிஷத்தில் அதை மதித்து மயாமியை எடுத்தார்கள். நோட்ர டேம் கோபித்துக்கொண்டு எந்த பவுலும் வேண்டாம் என்று வீட்டுக்குப் போனது. கடைசியாக உள்ளே வந்த மயாமி ஏ அண்ட் எம், ஒஹையோ ஸ்டேட், ஓல் மிஸ் மூன்றையும் தாண்டி சொந்த ஸ்டேடியத்தில் இறுதி ஆட்டத்துக்கு வந்தது. ஏசிசிக்கு ஒரே ஒரு இடம். அதை வைத்துக்கொண்டு எஸ்இசியின் ஐந்தைவிட அதிக தூரம் போனார்கள்.

---

ப்ளூமிங்டன்_அம்மா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தலை சுற்றினாலும் பாதி புரிகிறது. ஒரு சந்தேகம்: இதில் பணம் எங்கே வருகிறது? வெறும் வாய்ச்சண்டைக்கா இவ்வளவு வழக்கு?

இறுதி ஆட்டத்தில் எங்கள் க்வார்ட்டர்பேக் மென்டோசா பையன் நாலாவது டவுனில் (கடைசி வாய்ப்பில்) பந்தைத் தானே தூக்கிக்கொண்டு ஓடினாரே, இரண்டு மூன்று பேர் மோதியும் விழாமல் கோட்டுக்கு மேல் பாய்ந்தாரே, அதை இன்னும் தினமும் ஒரு தடவை போட்டுப் பார்க்கிறோம்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

அக்கா, 2024, 2025 இரண்டு சீசனுக்கும் கணக்கு இப்படி. பிளேஆஃப்புக்குள் நுழைந்தால் அந்தக் கான்ஃபரன்ஸுக்கு 40 லட்சம் டாலர். காலிறுதிக்கு இன்னொரு 40 லட்சம். அரையிறுதிக்கு 60 லட்சம், இறுதிக்கு 60 லட்சம். இறுதிவரை போனால் 2 கோடி டாலர்.

இது பெரும்பாலும் கான்ஃபரன்ஸின் பொதுப் பெட்டிக்குப் போகிறது. டோனட் கொடுத்தவரின் காலேஜுக்கும் உங்கள் இண்டியானாவின் வெற்றியில் ஒரு பங்கு உண்டு! எந்தக் கான்ஃபரன்ஸிலும் சேராத நோட்ர டேம் 2024இல் இறுதிவரை போய் முழுப் பணத்தையும் தானே வைத்துக்கொண்டது. ஏசிசியோ ஜெயித்தவனே வைத்துக்கொள்ளட்டும் என்று விதியை மாற்றியிருக்கிறது. ஆகவே மயாமி சம்பாதித்தது மயாமிக்கு. மற்ற ஏசிசி காலேஜுகளுக்குக் கைதட்டுகிற உரிமை மட்டும்.

பெரிய பணம் இதற்கும் மேலே. 2026இலிருந்து பிளேஆஃப் டிவி வருமானத்தில் எஸ்இசிக்கும் பிக் டென்னுக்கும் ஆளுக்குச் சுமார் 29 சதவீதம். ஏசிசிக்குச் சுமார் 17, பிக் 12க்குச் சுமார் 15. அந்த ஒப்பந்தம் பேசிய மேசையில் வைக்கப்பட்ட சீட்டுதான் இந்தப் பெருமை.

---

சியாட்டில்_சாரல் எழுதியது:

பணம் என்றதும் வந்துவிட்டேன். எங்கள் கான்ஃபரன்ஸையே அதுதான் தின்றது.

ஆரிகன் ஜெயித்ததைப் பிக் டென் கணக்கில் எழுதுகிறீர்களே, எனக்கு வயிறு எரிகிறது. 2024 வரை ஆரிகனும் வாஷிங்டனும் யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் எங்கள் மேற்குக் கரைக் கான்ஃபரன்ஸான பேக்-12. ரோஸ் பவுல் என்றாலே 1947 ஜனவரி முதல் மேற்குக் கரைக்கும் பிக் டென்னுக்கும் நேருக்கு நேர். வருஷத்துக்கு ஒரு தடவை, ஒரே ஒரு ஆட்டம், அதில் யார் பெரியவன் என்று தெரிந்துவிடும். தேர்வுக்குழு வேண்டாம், சதவீதம் வேண்டாம். 2025 ஜனவரி 1 அன்று பசடீனாவில் என்ன நடந்தது? ஒஹையோ ஸ்டேட் 41, ஆரிகன் 21. இரண்டுமே பிக் டென். மலை அதே மலை, மாலை வெயில் அதே வெயில், ஆனால் யாருக்கு எதிராக யார் என்றே தெரியவில்லை.

18 காலேஜை வாங்கிப் போட்டுவிட்டு "எங்கள் கான்ஃபரன்ஸ் பலமானது" என்றால், அதை நான் கொள்முதல் என்பேன்.

---

டல்லஸ்_தேவா எழுதியது:

சாரல் சொன்னதற்கு ஒட்டாக ஒன்று. இண்டியானாவின் வெற்றியைப் பிக் டென் வெற்றி என்று எழுதலாமா? 2023இல் இண்டியானா 3-9. இந்தப் பிரிவு வரலாற்றிலேயே அதிகத் தோல்வி கண்ட காலேஜ் என்ற பெயர் வேறு அப்போது. பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி ஜேம்ஸ் மேடிசனிலிருந்து வந்தார், அங்கிருந்து பல ஆட்டக்காரர்களையும் கூட்டி வந்தார். மென்டோசா கலிஃபோர்னியா பெர்க்லியிலிருந்து வந்தவர், வளர்ந்தது மயாமி. 16-0. இதில் பிக் டென் செய்தது என்ன? டிவி பணம் கொடுத்தது. ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தது ஜேம்ஸ் மேடிசனின் கான்ஃபரன்ஸான சன் பெல்ட்.

அதே ஜேம்ஸ் மேடிசன் பிளேஆஃப்புக்கு வந்தபோது "இவர்களுக்கு இங்கே என்ன வேலை" என்றவர்கள்தான் ஜாஸ்தி. ஆரிகனிடம் 51-34 தோற்றார்கள். 34 பாயிண்ட்! மூன்று வாரம் கழித்து ஆரிகன் இண்டியானாவிடம் 56-22.

---

மட்டுறுத்துநர்:

டிசியு 65-7 படத்தை யாரும் இங்கே ஒட்ட வேண்டாம். ஏற்கெனவே மூன்றை நீக்கியாயிற்று.

---

கொலம்பஸ்காரன் எழுதியது:

தேவா, போர்ட்டல் எல்லோருக்கும் திறந்துதான் இருக்கிறது. எஸ்இசியும்தான் வாங்குகிறது. 2021 ஜூலையிலிருந்து பையன்கள் வெளிப்படையாகச் சம்பாதிக்கலாம் என்று ஆனதும், ஜார்ஜியாவில் பிறந்தவன் ஜார்ஜியாவிலேயே மூன்று வருஷம் பெஞ்சில் உட்கார வேண்டிய அவசியம் போய்விட்டது. அந்த பெஞ்சுதான் எஸ்இசியின் பலமாக இருந்தது. அது கலைந்ததும் நடந்ததைத்தான் மூன்று வருஷமாகப் பார்க்கிறோம்.

வேறு கான்ஃபரன்ஸோடு செப்டம்பரில் மோதுங்கள், டிசம்பரில் குழுவை நம்ப வேண்டியதில்லை. 2025 ஆகஸ்ட் 30, கொலம்பஸில் ஒஹையோ ஸ்டேட் 14, டெக்சஸ் 7. அப்படி நாலு ஆட்டம் இருந்தால் இந்த இழையே தேவைப்படாது.

---

ஹண்ட்ஸ்வில்_வாசு எழுதியது:

அப்படி ஆடிய டெக்சஸுக்கு என்ன கிடைத்தது? 9-3, பிளேஆஃப் இல்லை. அந்த ஆட்டத்துக்குப் பதில் ஒரு மெர்சரைக் கூப்பிட்டிருந்தால் 10-2. இனி எந்தப் பயிற்சியாளர் வெளியூர் போய்ப் பெரிய டீமோடு மோதுவார்? 2026இலிருந்து எஸ்இசியும் 9 ஆட்டம் ஆடப் போகிறது. அதற்கு மேல் வெளியே எதற்கு என்று கேட்கிறவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

டெக்சஸ் வெளியே போனது ஒஹையோ ஸ்டேட்டால் இல்லை. 4-8 என்று சீசனை முடித்த ஃப்ளோரிடாவிடம் 29-21 தோற்றதால். அதுவும் உங்கள் உள்ளூர்க் கணக்குதான்.

---

கொலம்பஸ்காரன் எழுதியது:

வாசு, வாய்ப்பேச்சு போதும். 2026 செப்டம்பர் 12, பதிலாட்டம், ஆஸ்டினில். தோற்கிற பக்கத்து ஆள் இந்தத் தளத்தில் அடுத்த ஜனவரி வரை எதிர்க் கான்ஃபரன்ஸின் சின்னத்தை முகப்புப் படமாக வைத்துக்கொள்ள வேண்டும். சம்மதமா?

---

ஹண்ட்ஸ்வில்_வாசு எழுதியது:

நான் அலபாமா. டெக்சஸ் 2024இல்தான் எங்கள் வீட்டுக்கே வந்தது. எனக்கும் அவர்களுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அவர்கள் தோற்றால் நான் ஏன் உங்கள் சின்னத்தைச் சுமக்க வேண்டும்?

சரி, சம்மதம். படத்தை இப்போதே அனுப்பி வையுங்கள், அளவு சரியாக இருக்கிறதா பார்க்கிறேன்.